இருபது நிமிடம், ஒரே மூச்சு: கிளாசுனோவின் வயலின் கான்செர்ட்டோவைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

மேற்கத்திய செவ்விசைக்குப் புதிதாக வருகிறவர் வயலினில் தொடங்கப்போகிறேன் என்றால், விவரம் தெரிந்தவர்கள் உடனே பீத்தோவனையோ சாய்கோவ்ஸ்கியையோ எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். குறை சொல்ல முடியாத இசைதான். ஆனால் பீத்தோவனுடையது நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். அதைவிடப் பெரிய தொல்லை அதன் புகழ். பத்தாவது நிமிடத்தில் கவனம் சிதறினால், 'இவ்வளவு பெரிய படைப்பு நமக்கு ஏறவில்லையே' என்று மனம் குறுகுறுக்கத் தொடங்கிவிடும். அந்தக் குறுகுறுப்போடு எதையும் கேட்க முடியாது.

என் யோசனை வேறு. அலெக்சாண்டர் கிளாசுனோவ் என்ற ரஷ்யர் 1904இல் எழுதிய ஏ மைனர் வயலின் கான்செர்ட்டோ, ஆப்பஸ் 82 (ஆப்பஸ் என்பது படைப்புக்குக் கொடுக்கும் வரிசை எண்). ஏறக்குறைய இருபது நிமிடம். வயலின் வாசிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்து கேட்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. பெரிய பெயர் எதுவும் வழியில் நந்தி போல் நிற்காது. பிடித்தால் பிடித்தது; இல்லாவிட்டால் இருபது நிமிடம்தான் நஷ்டம்.

கான்செர்ட்டோ என்ற சொல்லே புதிது என்றால் ஒரு வரி: தனிக் கருவிக்காரர் ஒருவரும் பெரிய இசைக்குழுவும் எதிராகவும் துணையாகவும் வாசிக்கும்படி எழுதப்பட்ட படைப்பு அது. வழக்கமாக மூன்று பகுதிகள் இருக்கும். பகுதிக்குப் பகுதி நிறுத்தம், அரங்கில் அடக்கி வைத்திருந்த இருமல்கள். கிளாசுனோவ் அந்த நிறுத்தங்களை எடுத்துவிட்டார். தொடங்கினால் முடிவு வரை மூச்சு விடுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம்மைப் பாடாய்ப் படுத்தப்போவது இதுதான்.

எந்தப் பதிவு?

1934இல் லண்டனில் எடுத்தது. வயலின் யாஷா ஹைஃபெட்ஸ். லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா. நடத்தியவர் ஜான் பார்பிரோலி. ('நடத்துநர்' என்று எழுதினால் எனக்கு விசிலும் டிக்கெட் பையும்தான் கண்முன் வருகின்றன. கண்டக்டர் என்று எழுதினாலும் தப்பிக்க வழியில்லை. நடத்தியவர் என்றே வைத்துக்கொள்வோம்.)

ஏன் இந்தப் பழைய பதிவு? கர்நாடக இசைக்காரர்கள் சொல்லும் 'பாடாந்தரம்' (குருவிடமிருந்து சீடருக்கு வழிவழியாக வந்த பாடம்) என்ற சொல்லை இங்கே எடுத்துப் போட்டால் விளங்கிவிடும். இந்தக் கான்செர்ட்டோ லியோபோல்ட் ஔயர் என்ற வயலின் ஆசிரியருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அதை முதலில் வாசித்தவரும் அவரே, கிளாசுனோவே நடத்தினார். அந்த ஔயரிடம், அந்த நகரத்துக் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்), சிறுவனாகப் போய்ச் சேர்ந்தவர் ஹைஃபெட்ஸ். அப்போது அந்தக் கன்சர்வேட்டரியின் இயக்குநர் யார் என்றால் கிளாசுனோவ். எழுதியவர், முதலில் வாசித்தவர், பிறகு வாசித்த மாணவர், மூவரும் ஒரே கூரையின் கீழ் நடமாடியிருக்கிறார்கள்.

ஔயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாய்கோவ்ஸ்கி தம் வயலின் கான்செர்ட்டோவை முதலில் சமர்ப்பித்ததும் இவருக்குத்தான். எழுதியிருப்பது வயலினுக்கு ஒத்துவரவில்லை, திருத்த வேண்டும் என்று அதை ஒதுக்கி வைத்தவர் இந்த மனிதர். 1881இல் வியன்னாவில் வேறொருவர் வாசித்து அது அரங்கேறியது. அப்படிப்பட்டவர் கிளாசுனோவ் எழுதியதை ஏற்று வாசித்தார் என்பதிலிருந்தே, இது வயலினின் உடம்பு அறிந்து எழுதப்பட்டது என்று ஊகிக்கலாம்.

1917இல் ஹைஃபெட்ஸ் ரஷ்யாவை விட்டு அமெரிக்கா போய்விட்டார். 1928இல் கிளாசுனோவும் வெளியேறி, பிறகு பாரிஸில் தங்கிவிட்டார். லண்டனில் இந்த இசைத்தட்டு எடுக்கப்பட்டபோது அவர் பாரிஸில் உயிரோடு இருந்தார், 1936இல்தான் இறந்தார்.

புதியவருக்குத் தொண்ணூறு வருடத்துப் பதிவைக் கொடுப்பது கொடுமை என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. பழைய பதிவில் தனி வயலின் ஒலிவாங்கிக்குக் கிட்டத்தில் நிற்கும். இசைக்குழு பின்னால் தள்ளி நிற்கும். அரங்கில் கேட்பதற்கு அது நியாயமான விகிதம் இல்லைதான். ஆனால் முதல் முறை வருகிறவருக்கு எதைப் பின்தொடர்வது என்ற குழப்பமே வராது. திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல வயலினைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம்.

தேடி எடுப்பது

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். கிளாசுனோவின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதுவார்கள். பழைய உறைகளில் பிரெஞ்சு முறையில் நடுவே ஓர் எழுத்துக் கூடுதலாக இருக்கும். ஜெர்மன் உறைகளில் முடிவெழுத்தே வேறு. ஒரு வகையில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வாசித்தவர் பெயரோடு 'ஆப்பஸ் 82' என்று சேர்த்துத் தேடுங்கள். எண் மாறாது.

அடுத்து, ஹைஃபெட்ஸ் இதை இரண்டு முறை ஸ்டூடியோவில் பதிந்திருக்கிறார். நடத்தியவர் பெயரைப் பாருங்கள். பார்பிரோலி என்றால் 1934. வால்டர் ஹெண்டல் என்றால் 1963. இரண்டும் நமக்கு வேண்டும். ஆனால் இரண்டாவதை இப்போது திறக்காதீர்கள்.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியானதிலிருந்து அறுபது ஆண்டுகள். ஆகவே 1934 பதிவை இங்கே இலவசமாகக் கேட்பதில் மனச்சாட்சி உறுத்தத் தேவையில்லை. அமெரிக்காவில் விதி வேறு. அங்கே இருப்பவர்கள் விலை கொடுத்தோ சந்தா கட்டியோ கேட்பது நல்லது.

ஒரே 1934 பதிவு நாலைந்து கடைகளில் நாலைந்து விதமாகக் கிடைக்கும். எல்லாம் அதே தட்டுகளிலிருந்து எடுத்தவைதான். துடைத்த விதத்தில்தான் வேறுபாடு. சிலர் இரைச்சலே இருக்கக் கூடாது என்று சுரண்டியெடுத்திருப்பார்கள். இரைச்சலோடு வயலினின் மேல்ஸ்தாயி மினுக்கும் போயிருக்கும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்பது போல இருக்கும். சோதிக்கும் வழி எளிது. கடைசி இரண்டு நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். உச்சத்தில் வாசிக்கும்போது வில் தந்தியில் உரசும் அந்தச் சிறு கரகரப்புக் கேட்கிறதா? கேட்டால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பின்னணியில் எண்ணெய்ச் சட்டி பொரிந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பொரிச்சல் இரண்டு நிமிடத்தில் காதுக்குப் பழகிவிடும். மழைச் சத்தம் பழகுவதில்லையா?

கைபேசியைச் சரிசெய்வது

சின்ன வேலை, ஆனால் விட்டுவிடக் கூடாது. நிறுத்தமில்லாத படைப்பைப் பல நிறுவனங்கள் மூன்று நான்கு துண்டுகளாக வெட்டி அடுக்கியிருக்கும். உங்கள் செயலியின் அமைப்பில் இரண்டு காரியம் செய்யுங்கள்: துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓடும்படி வையுங்கள், ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது மெல்லக் கலந்து வரும் வசதியை அணைத்துவிடுங்கள். கலைத்துப் போடும் பொத்தானும் அணைந்திருக்கட்டும்.

இந்த இரண்டாவது வசதி எனக்குச் செய்த துரோகத்தைச் சொல்கிறேன். வேறொரு பதிவில் இந்தக் கான்செர்ட்டோவை முதலில் கேட்டபோது, தனி வயலின் இன்னும் முடிக்காமல் இருக்கும்போதே எக்காளங்கள் மேலே ஏறி விழுந்தன. என்ன துணிச்சல் இந்த ரஷ்யருக்கு என்று வியந்து, ஒரு வாரம் கேட்டவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசித் திரிந்தேன். பிறகு வட்டத்தட்டில் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தத் துணிச்சல் என் கைபேசியுடையது.

இலவசச் சந்தாவில் கேட்டால் துண்டுகளுக்கு நடுவே பற்பசை விளம்பரம் வரும். அதற்குப் பதில் முழுவதும் ஒரே துண்டாக உள்ள பதிவேற்றத்தைத் தேடிக்கொள்ளுங்கள். காதில் மாட்டும் கருவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. இது ஒற்றைத் தட ஒலி, இரண்டு காதிலும் ஒன்றேதான் கேட்கும். கைபேசியின் சொந்த ஒலிபெருக்கி மட்டும் வேண்டாம். தாழ்ந்த தந்தி அதில் காணாமல் போய்விடும். இந்தக் கான்செர்ட்டோ தொடங்குவதே அங்கேதான்.

முதல் தடவை

ஒன்றும் செய்யாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். நோட்டுப் புத்தகம் வேண்டாம், வாழ்க்கை வரலாறு வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம். நடுவில் நினைப்பு எங்கோ போனால் போகட்டும். எங்கே திரும்பி வந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த இடம் முக்கியம்.

இரண்டாம் தடவை: வழித்தடம்

இப்போது கொஞ்சம் வேலை. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இசையில் தட்டும் முதல் கல் எது தெரியுமா? கமகம் (ஸ்வரத்தை அசைத்து இசைப்பது) இல்லாதது அல்ல. ஆதார ஸட்ஜம், அதாவது எல்லா ஸ்வரங்களுக்கும் அடித்தளமான 'ஸ', ஓரிடத்தில் நிற்காததுதான். நமக்கு ராகம் மாறும், தாளம் மாறும், தம்பூரா மாறாது. இவர்களுக்கு வீடே நகரும். அதைக் காதால் பிடித்துவிட்டால் பாதி இசை கைக்கு வந்துவிடும். பிடிப்பதற்கு நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது: சுருதிப் பெட்டி. கைபேசியில் உள்ள தம்பூராச் செயலியும் போதும்.

அதை ஆறு கட்டையில் வையுங்கள். கட்டை என்பது சுருதியின் உயரத்தை நாம் சொல்லும் அளவு; ஆறு கட்டை என்பதுதான் மேற்கத்தியர் சொல்லும் ஏ. பழைய தட்டு சுழன்ற வேகத்தைப் பொறுத்துச் சுருதி இம்மியளவு கூடவோ குறையவோ இருக்கலாம். செயலியில் உள்ள நுண்சரிப்பால் ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். ஒலியை மிகவும் தணித்து வைத்து, கான்செர்ட்டோவைப் போடுங்கள்.

தொடக்கம் ஏறக்குறைய உடனே வயலின்தான். கீழே கிளாரினெட், பசூன் என்ற ஊதுகருவிகள் நெஞ்சுத் துடிப்பு மாதிரி ஒரே அளவில் தட்டிக்கொண்டிருக்க, தாழ்ந்த தந்தியில் பாட்டு எழும்பும். பழைய கான்செர்ட்டோக்களில் இசைக்குழு மூன்று நான்கு நிமிடம் முன்னுரை வாசிக்கும். தனிக் கலைஞர் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இங்கே அந்த உபசாரம் கிடையாது. ஏ மைனர் என்பதை நம் ஊர் ஏணியில் (ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசையில்) வைத்துப் பார்த்தால் நடபைரவி. அங்கங்கே நிஷாதம் கூடி கீரவாணியின் சாயல் வரும். ஏணிதான் அது, ராகம் அல்ல. ராகமாக நினைத்துக்கொண்டு பிடி தேடினால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் தம்பூரா இங்கே பெரும்பாலும் ஒட்டும்.

கொஞ்ச நேரத்தில் பாட்டு இளகி அமைதியான இரண்டாவது மெட்டு வரும். அது எஃப் மேஜரில், அதாவது நாலு கட்டை ஸட்ஜமாகிவிட்ட சங்கராபரண ஏணியில். தம்பூரா லேசாக நெருடத் தொடங்கும்.

நான்காவது நிமிடத்தை ஒட்டி ஒரு மாற்றம். வேகம் தணியும், யாழ் போன்ற ஹார்ப்பின் சலசலப்பு எட்டும், வயலின் மறுபடி கீழே இறங்கி நீளமாகப் பாடும். இது டி ஃபிளாட் மேஜர். நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை. இப்போது உங்கள் ஆறு கட்டைத் தம்பூராவைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு வானொலி மாதிரி ஒட்டவே ஒட்டாது. அணைத்துவிட வேண்டும் என்று கை பரபரத்தால், வீடு நகர்ந்ததை உங்கள் காது பிடித்துவிட்டது என்று பொருள்.

அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம். ஆறு கட்டையை ஸட்ஜம் என்று வைத்தால், ஒன்றரைக் கட்டை அதற்கு அந்தர காந்தாரம், அதாவது உயர்ந்த 'க'. தொடக்கத்தில் வந்த நடபைரவி ஏணியில் இருப்பது அதைவிடத் தாழ்ந்த சாதாரண காந்தாரம். ஆக, முதல் பாட்டில் இடமே இல்லாத ஒரு ஸ்வரத்தை எடுத்து, அதையே ஸட்ஜமாக்கி, அதன் மேல் குடியேறி உட்கார்ந்து பாடுகிறார் கிளாசுனோவ். வேறு உலகத்துக்குள் கால் வைத்த மாதிரி அந்த இடம் ஒலிப்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் எண்ணுகிறேன். இந்தக் காந்தாரத்தை மறக்காதீர்கள். இறுதிப் பகுதியில் திரும்ப வரும்.

இன்னொரு தந்திரமும் இங்கே நடந்திருக்கிறது. வழக்கமாக முதல் பகுதி முடிந்த பிறகுதான் மெதுவான பகுதி தனியாக வரும். கிளாசுனோவ் முதல் பகுதியின் வயிற்றைக் கீறி மெதுவான பகுதியை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். ஆகவே இது முடிந்ததும் பழைய மெட்டுகள் பரபரப்போடு திரும்ப வரும். 'இது முன்பே கேட்டதாயிற்றே' என்று தோன்றினால் உங்கள் நினைவு சரிதான். இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை; பழைய நூல்களைப் பலவாறு பின்னிப் பார்க்கிறார், கொஞ்சம் நீட்டுகிறார் என்றுகூடச் சொல்வேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தைத் தாண்டியதும் இசைக்குழு ஒதுங்கும். வயலின் மட்டும் தனித்து நிற்கும். இதற்குக் கடென்சா என்று பெயர். தனி ஆவர்த்தனம் போல என்று சிலர் விளக்குவதுண்டு. நான் அந்த ஒப்பீட்டைத் தவிர்க்கிறேன். இது மேடையில் அப்போதைக்கப்போது கற்பனை செய்யும் மனோதர்மம் அல்ல. ஒவ்வொரு ஸ்வரத்தையும் கிளாசுனோவே எழுதி அச்சில் கொடுத்துவிட்டார். இங்கே காதைக் கூர்மையாக்க வேண்டிய விஷயம் வேறு: ஒரே வயலின் இரண்டு பேர் வாசிப்பது போல ஒலிக்கும். வில் ஒரே இழுப்பில் இரண்டு தந்திகளைத் தொட்டுக்கொண்டே போக, இடது கை இரண்டு குரல்களைத் தனித்தனியே நடத்தும். எது மேல் குரல், எது கீழ்க் குரல் என்று பிரித்துக் கேட்க முயன்று பாருங்கள். மூன்றாம் தடவைதான் எனக்குப் பிடிபட்டது.

கடென்சா முடியும் நேரத்தில் அடியில் ஏதோ அசையும். இசைக்குழு மெதுவாக, கதவைச் சாத்தியிருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவது போல வந்து சேரும். அழுத்தம் கூடும். பிறகு எக்காளங்கள், வெளிச்சமாக, வேட்டைக்குப் புறப்படுகிற தினுசில் ஒரு மெட்டு. வயலின் அதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்லும். பதினான்காவது நிமிடத்தின் அக்கம்பக்கத்தில் இது வரும்.

தம்பூராவை மறுபடி போடுங்கள். அதே ஆறு கட்டை. இப்போது ஒட்டும். வீடு திரும்பியாயிற்று, ஆனால் ஏணி மாறிவிட்டது. இது ஏ மேஜர், சங்கராபரணம். காந்தாரம் அந்தர காந்தாரம். நடுப்பகுதியில் அந்நியமாக வந்து குடியேறிய அந்த ஒன்றரைக் கட்டை ஸ்வரம் இப்போது இந்த வீட்டிலேயே பிறந்த பிள்ளை போல ஓடி விளையாடுகிறது. இப்படித் திட்டமிட்டுத்தான் எழுதினாரா என்று கேட்டால், கிளாசுனோவ் பதினாறு வயதில் சிம்பனி அரங்கேற்றியவர், ரிம்ஸ்கி-கோர்சகோவின் மாணவர். சுருதியைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கிற ஆள் இல்லை என்பதுதான் என் பதில்.

இறுதிப் பகுதியை விளக்கத் தேவையில்லை, அதுவே இழுத்துக்கொண்டு போகும். ஓரிடத்தில் ஹைஃபெட்ஸ் வில்லை விட்டுத் தந்தியை விரலால் மீட்டுவார். ரஷ்யர்களின் பாலலைக்கா என்ற முக்கோணத் தந்திக் கருவியின் சாயல் அது. சின்ன உலோகப் பட்டைகளைத் தட்டும் கிளாக்கன்ஸ்பீலின் மணியொலியும் நடுநடுவே வரும். 1934 பதிவில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் தடவை: தட்டின் பக்கங்கள்

இந்தத் தடவை இசையை விட்டுவிட்டு இயந்திரத்தைக் கேளுங்கள். விசித்திரமான யோசனையாகத் தோன்றும், ஆனால் இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

1934இல் நாடாப் பதிவு ஸ்டூடியோவுக்கு வரவில்லை. சுழலும் மெழுகுத் தட்டில் ஊசி நேரடியாகப் பள்ளம் கீறும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிடம்தான் பிடிக்கும். ஒட்டுவதற்கோ வெட்டுவதற்கோ வழி கிடையாது. மூன்றரையாவது நிமிடத்தில் ஒரு விரல் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். மெழுகிலிருந்து உலோக அச்சு, அச்சிலிருந்து விற்பனைத் தட்டு. அந்தத் தட்டைச் செய்தது அரக்கால். உலகின் இசைத்தட்டுத் தொழிலுக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்துதான் போனது. தேய்மானம் தாங்குவதற்காக அரக்கில் கல் பொடியைக் கலப்பார்கள்; நீங்கள் கேட்கும் பொரிச்சலில் பெரும்பங்கு அந்தப் பொடியின் மேல் ஊசி உரசும் சத்தம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிளாசுனோவ் நிறுத்தமே கூடாது என்று இருபது நிமிடத்தை ஒரே மூச்சாக எழுதினார். முப்பது ஆண்டுகள் கழித்துத் தொழில்நுட்பம் அதை ஐந்தாறு துண்டுகளாக வெட்டியே தீருவேன் என்றது. நாலு நிமிடம் வாசிப்பார்கள். நிறுத்துவார்கள். புதிய மெழுகு வைக்கப்படும். சிவப்பு விளக்கு எரியும். விட்ட இடத்திலிருந்து, அதே வேகத்தில், அதே மனநிலையில், வில்லின் அதே அழுத்தத்தில் மறுபடி எடுக்க வேண்டும். எடுத்த மெழுகைப் போட்டுச் சோதிக்கக்கூட முடியாது. ஒருமுறை ஒலித்துக் கேட்டாலே அந்தப் பள்ளம் கெட்டுவிடும்.

இன்றைய மறுபதிப்புகளில் அந்தத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். தையல் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் மூன்றாம் தடவை வேலை. இசையில் தேடினால் அகப்படாது. பொரிச்சலில் தேடுங்கள். இரைச்சலின் நிறம் திடீரென்று மாறும்: கனமாக இருந்தது மெலியும், அல்லது மெல்லியது கரகரக்கும். அங்கே ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்கியிருக்கிறது. கண்டுபிடித்ததும் பத்து விநாடி பின்னால் போய், இம்முறை வயலினை மட்டும் கேளுங்கள். வேகத்தில் தடுக்கல் இருக்கிறதா? எனக்கு இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. பார்பிரோலி அந்தக் காலத்தில் பெரிய தனிக் கலைஞர்களுக்குத் துணை நடத்தும் வேலையில்தான் லண்டன் ஸ்டூடியோக்களில் பெயர் வாங்கினார். ஏன் என்று இந்தத் தையல்களில் தெரியும்.

பிறகு 1963

ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டாவது பதிவைத் திறவுங்கள். அதே ஹைஃபெட்ஸ், முப்பத்து மூன்று வயதுக்காரர் இப்போது அறுபத்திரண்டு. ஆர்.சி.ஏ. விக்டர் சிம்பனி என்பது பதிவுக்காகச் சேர்க்கப்பட்ட குழு. நாடா வந்துவிட்டது, ஸ்டீரியோ வந்துவிட்டது. இந்த முறை இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு கேளுங்கள். பொரிச்சல் இல்லை, ஹார்ப் பக்கத்தில் வந்துவிட்டது, தேடிக்கொண்டிருந்த மணியொலி தானாக வந்து விழும்.

இப்போது ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: கிளாசுனோவ், ஹைஃபெட்ஸ், இயந்திரம். ஒவ்வொரு தடவை கேட்டு முடித்ததும் உங்கள் காதில் தங்கியதை ஒரு பத்தியில் எழுதுங்கள். 1934 பதிவில் கேட்டு 1963 பதிவில் கேட்காதது பெரும்பாலும் இயந்திரத்தின் கணக்கு, சிலசமயம் வயதின் கணக்கு. இரண்டிலும் இருப்பது ஹைஃபெட்ஸுடையதாகவோ கிளாசுனோவுடையதாகவோ இருக்கும்.

உதாரணத்துக்கு ஒன்று. ஒரு ஸ்வரத்திலிருந்து தொலைவில் உள்ள இன்னொன்றுக்குத் தாவாமல், விரலைத் தந்தியிலேயே வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்வார் ஹைஃபெட்ஸ். நம் ஜாரு என்ற வழுக்கும் கமகத்துக்குத் தூரத்து உறவு. 1934இல் இருக்கிறது, 1963இலும் இருக்கிறது. அப்படியானால் கிளாசுனோவ் எழுதியதா? தீர்த்து வைக்க மூன்றாவது சாட்சி வேண்டும். நேத்தன் மில்ஸ்டைன் 1957இல் வில்லியம் ஸ்டைன்பர்க் நடத்த, பிட்ஸ்பர்க் சிம்பனியோடு எடுத்த பதிவைப் போடுங்கள். மில்ஸ்டைனும் ஔயரிடம் படித்தவர். சிறுவனாக இருந்தபோது கிளாசுனோவே நடத்த இதை வாசித்தவர். அவர் வழுக்கல்களை மிகவும் சிக்கனமாகச் செலவழிக்கிறார். மெதுவான பகுதியின் முதல் ஒரு நிமிடத்தை இரண்டு பேரிடமும் மாற்றி மாற்றிக் கேட்டால் போதும். எந்தப் பத்தியில் எழுதுவது என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

ஸ்வரக்குறிப்புப் படிக்கத் தெரிந்தவர்கள், படைப்பின் காப்புரிமை இந்தியாவில் முடிந்துவிட்டதால் அச்சுப் பிரதியை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். தெரியாதவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம். எனக்கும் அரைகுறைதான்.

முழுப் புத்தம்புது ஒலியில் கேட்க ஆசை வந்தால் யூலியா ஃபிஷர் ரஷ்யன் நேஷனல் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்து 2004இல் வெளிவந்த பதிவு இருக்கிறது. இசைக்குழு முழு உருவத்தோடு முன்னால் வந்து நிற்கும். ஹைஃபெட்ஸின் முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்தார்களா என்று திகைப்பீர்கள். எக்காளங்கள் நுழையும் இடத்தில் மட்டும் ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டு நான் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதே வழியில் அடுத்து எதற்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: யூலியஸ் கோனுஸ் எழுதிய ஈ மைனர் கான்செர்ட்டோ. கிளாசுனோவுடையதைவிடவும் குறைவாக அறியப்பட்டது, ஹைஃபெட்ஸ் 1952இல் பதிந்திருக்கிறார், இதுவும் நிறுத்தமில்லாமல் ஓடுவது. தம்பூராவை மூன்று கட்டையில் வைத்துத் தொடங்குங்கள்.